வரவேற்பில் சின்னவள்

வெப்சைட் கட்டிக் கொடுக்கிற தொழிலில் வாடிக்கையாளர் எல்லாம் கொடுப்பார். லோகோ கொடுப்பார், மூன்று தடவை நிறம் மாற்றச் சொல்வார், பக்கத்து வீட்டு மாப்பிள்ளை சொன்ன யோசனையைக் கொண்டுவந்து நம் தலையில் கட்டுவார். பக்கத்தில் போடவேண்டிய படத்தையும் நாலு வரி எழுத்தையும் மட்டும் கொடுக்கமாட்டார். கேட்டால் நாளைக்கு என்பார். அந்த நாளை வருவதற்குள் நமக்கு நரை வந்துவிடும். அதுவரை பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி இளிக்கக்கூடாதே என்று, இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏதாவது ஒரு மாதிரிப் படத்தை வைத்து அடைத்துவிடுவார்கள். சிலர் பூ வைப்பார்கள், சிலர் பூனை வைப்பார்கள்.

பெரியவள் தன் தங்கையின் படத்தை வைப்பாள்.

பெரியவள், சின்னவள் என்றுதான் வீட்டில் இருவரையும் கூப்பிட்டார்கள். சேர்ந்துதான் தொழிலைத் தொடங்கினார்கள். தையல் மெஷின் ரிப்பேர் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டர், பின்னறையில் ஓர் அடுப்பும் ஒரு பாயும். கீழே மெஷினை ஓட்டிப் பார்க்கும்போதெல்லாம் மேலே மேசை நடுங்கும். பெரியவள் கட்டுவாள், சின்னவள் எழுதுவாள். பெரியவளுக்கு வாய் நீளம், எழுத்து வராது. சின்னவளுக்கு நேர் எதிர். சாக்கடை அடைப்பு எடுக்கிறவருக்கு அவள் நாலு வரி எழுதிக் கொடுத்தால், படிப்பவருக்குத் தன் வீட்டிலும் ஓர் அடைப்பு இருந்தால் தேவலையே என்று தோன்றும்.

அந்த அலுவலகத்தில் ஒரு சட்டம் இருந்தது. ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் முன்னால் தொலைபேசி. அந்த நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. வாடிக்கையாளர் கூப்பிட்டால் இரண்டாவது மணிக்குள் ஒரு மனிதக் குரல் எடுக்கவேண்டும். சட்டம் போட்டவள் பெரியவள். அவளுக்குச் சட்டம் போடப் பிடிக்கும். அதனால் ஒருத்தி சாப்பிடப் போவதானாலும், கை கால் கழுவப் போவதானாலும், மற்றவள் வந்து பக்கத்தில் நின்று சொல்லவேண்டும்: "முடிஞ்சுது, நீ எழுந்திரு. நான் உட்காந்துக்கறேன்." சொன்னால்தான் எழுந்திருக்கலாம். சின்னவள் இதை ஒரு நாளும் மீறியதில்லை. அக்கா சொல்லவில்லை என்றால் பசியோடு உட்கார்ந்திருப்பாள்.

சட்டம் போடுகிற பெரியவளுக்கு ஒரே ஒரு பயம். கட்டி முடித்த வெப்சைட்டை உலகத்துக்குத் திறந்துவிடும் அந்தக் கடைசிப் பட்டனை அழுத்தக் கை வராது. எங்கேயோ ஒரு தப்பு உட்கார்ந்திருக்கும் என்றே தோன்றும். அப்போது சின்னவள் பக்கத்தில் வந்து, மேசையில் மோதிரம் போட்ட விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வாள்: "பத்து வரைக்கும் எண்ணுக்கா. ஏழுலயே முடிஞ்சிரும்." பெரியவள் ஏழு என்னும்போது சின்னவளே பட்டனை அழுத்திவிடுவாள்.

மாதிரிப் படமும் சின்னவள் தொடங்கி வைத்த விளையாட்டுதான். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முறைத்துப் பார்க்கும் அக்காவின் படத்தை ஒரு சவப்பெட்டிக் கடையின் சோதனைப் பக்கத்தில் போட்டு, "எங்கள் மகிழ்ச்சியான ஊழியர்" என்று எழுதி வைத்தாள். பதிலுக்குப் பெரியவள் ஒரு படம் எடுத்தாள். ஜன்னலோர நாற்காலி, வெள்ளைச் சட்டை, காதில் செருகிய பென்சில், பாதிச் சிரிப்பு. அன்றிலிருந்து இருவரும் மாறி மாறி ஒருத்தியை ஒருத்தி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் சின்னவள் இறந்துபோனாள். நெஞ்சில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, மூன்றே நாள். வயது முப்பத்து நான்கு. அதற்குப் பிறகு பெரியவள் மாதிரிப் படமாக வேறு எதையும் வைத்ததில்லை. ஒரு பக்கம் கட்டப்படும் மூன்று நான்கு வாரமும் தங்கை அதில் இருப்பாள். சமையலறை கட்டித் தரும் மேஸ்திரியாக, கணக்கராக, நாய்க்கு முடி வெட்டுகிறவளாக. திறக்கும் நாளில் எடுத்துவிடவேண்டும். திறக்குமுன் சரிபார்க்கும் பட்டியலில் முப்பத்தொரு வரி உண்டு. இருபத்தேழாவது வரி: மாதிரிப் படங்களை நீக்கு. பெரியவள் அந்த ஒரு வரிக்கு மட்டும் முதலில் டிக் போட்டுவிடுவாள். பிறகு மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, அதற்குப் பிறகுதான் நீக்குவாள். டிக் போட்டாயிற்று, இனி செய்யாமல் தீராது என்று தன்னையே மடக்கும் வழி அது.

பல் டாக்டரின் வெப்சைட்டைத் திறந்த நாளில் அந்த வழிதான் அவளை மாட்டிவிட்டது. டாக்டரிடம் வரவேற்பில் இருந்த பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். புது ஆள் வந்ததும் படம் அனுப்புகிறேன் என்று டாக்டர் வழக்கமான நாளையைச் சொல்லியிருந்தார். "எங்கள் குழு" பக்கத்தில் டாக்டர் படத்துக்குக் கீழே, வரவேற்பு என்ற எழுத்துக்கு மேலே, சின்னவள் பாதிச் சிரிப்போடு இருந்தாள். பெரியவள் டிக் போட்டாள். மூச்சை இழுத்தாள். தொலைபேசி அடித்தது. இரண்டாவது மணிக்குள் எடுக்கவேண்டுமே, எழுந்து ஓடினாள். டிரைவிங் ஸ்கூல்காரர் இருபது நிமிடம் மஞ்சள் நிறத்தைப் பற்றிப் பேசினார். திரும்பி வந்து பார்த்தால் இருபத்தேழில் டிக் இருந்தது. இருபத்தெட்டுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்து முதல் மடல் வந்தது. வாடிக்கையாளர்களின் பக்கங்களில் யார் கருத்து எழுதினாலும் அது முதலில் பெரியவளின் மெயிலுக்குத்தான் வரும். அவள் அனுமதித்தால்தான் வெளியே தெரியும். யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்:

"எனக்கு ஊசி என்றாலே உயிர் போய்விடும். வரவேற்பில் இருந்த பெண் உள்ளேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். பத்து வரைக்கும் எண்ணுங்க, ஏழிலேயே முடிந்துவிடும் என்றார். அப்படியே ஆனது. காதில் பென்சில் செருகியிருந்தார். அவருக்கு என் நன்றி."

பெரியவள் இதை மூன்று தடவை படித்தாள். கீழே மெஷின் ஓடி நின்றது. டாக்டருக்குப் போன் போட்டு, வரவேற்புக்கு ஆள் வந்தாயிற்றா என்று சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"யாரும் வரலம்மா. ஒரு மணி வச்சிருக்கேன், தட்டினா நானே எட்டிப் பாக்கறேன். ஏன், படம் போடணுமா? நாளைக்கு சொல்றேன்."

போனை வைத்தாள். டாக்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். தங்கை அங்கே இருந்தாள். நீக்க மறந்தது அப்போதுதான் உறைத்தது. தொழில் தெரிந்தவள் என்ன செய்திருக்கவேண்டும்? அந்த நிமிடமே நீக்கியிருக்கவேண்டும். அவள் படத்தை நீக்கவில்லை. மடலை அனுமதித்துவிட்டு, பின்னறைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்து அழுதாள். துக்கத்தில் அழுத மாதிரியே இல்லை. ரொம்ப நாள் கழித்து ஊரிலிருந்து யாரோ வந்து கதவைத் தட்டினால் வருமே, அந்த மாதிரி அழுகை.

அடுத்த வாரம் இரண்டு மடல். அதற்கடுத்த வாரம் மூன்று. ஒரு கிழவர் எழுதினார், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அம்மா எழுதினாள். மேசையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார் என்று ஒருவர் எழுதியிருந்தார். அது படத்தில் இல்லாத சங்கதி. அக்காவையும் தங்கையையும் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

இங்கேதான் பெரியவள் ஒரு காரியம் செய்தாள். அவள் மேல் எனக்குக் கோபம்தான், ஆனால் அந்த இடத்தில் நான் இருந்தால் செய்யாமல் இருந்திருப்பேனா என்று கேட்டால் பதில் இல்லை. தங்கை பல் டாக்டரிடம் மட்டும் ஏன் இருக்கவேண்டும்? தான் கட்டிய மற்ற வெப்சைட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். டிரைவிங் ஸ்கூல், ரத்தப் பரிசோதனைக் கூடம், பூட்டு ரிப்பேர் செய்கிறவர், வீடு மாற்றித் தருகிறவர்கள், அந்தச் சவப்பெட்டிக் கடை. ஒவ்வொன்றிலும் "எங்கள் குழு" பக்கத்தில் கடைசியாகத் தங்கையின் படத்தை ஏற்றினாள். பல் டாக்டரையும் சேர்த்து மொத்தம் பதினொன்று. வாடிக்கையாளர்கள் கண்டுபிடிப்பார்கள் என்ற பயம் அவளுக்கு இல்லை. திறந்த நாள் கழிந்தபிறகு தன் வெப்சைட்டைத் தானே போய்ப் பார்க்கிற முதலாளி இன்னும் பிறக்கவில்லை.

மடல்கள் வரத் தொடங்கின. டிரைவிங் பழகும் பெண், பின் இருக்கையிலிருந்தவர் ஏழு எண்ணுவதற்குள் மேடு ஏறிவிட்டேன் என்று எழுதினாள். ரத்தம் எடுக்க வந்தவர், பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்ட பெண்ணின் கை சில்லென்று இதமாக இருந்தது என்று எழுதினார். வீட்டுக்கு வெளியே மாட்டிக்கொண்டு பூட்டுக்காரருக்காகக் காத்திருந்த கிழவி, ஒரு பெண் படியில் கூடவே உட்கார்ந்து பேச்சுத் துணையாக இருந்தாள் என்றாள். பயந்துபோய் நிற்பவர்கள் கண்ணுக்கு மட்டும்தான் சின்னவள் தெரிந்தாள்போல. அங்கே வேலை செய்கிறவர்கள் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை.

காலையில் தேநீரோடு முதல் வேலை அந்த மடல்களைப் படிப்பதுதான். பெரியவள் மெலிதாகப் பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தாள். அவள் கணவர், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், இரண்டு வருடமாக வீட்டில் கேட்காத சத்தத்தைக் கேட்டு, வாயைத் திறந்தால் நின்றுவிடுமோ என்று பேசாமல் இருந்தார்.

இரண்டு மாதம் அப்படிப் போனது. மூன்றாவது மாதத்தில் மடல்களின் குரல் மாறியது. நன்றிக்குக் கீழே சின்னதாக ஒரு வரி சேர்ந்து வந்தது. "அவர் ரொம்பக் களைப்பாகத் தெரிந்தார்." "உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை." டிரைவிங் ஸ்கூலிலிருந்து ஒருத்தி எழுதினாள்: "பின் இருக்கையில் இருந்தவர் இருமிக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்கு லீவு கொடுங்கள்." அதே நாளில் பூட்டுக்காரரின் பக்கத்திலிருந்தும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்தும் இருமலைப் பற்றி மடல் வந்தது. பெரியவள் அவற்றை அனுமதிக்கவில்லை. நீக்கவும் மனம் வராமல் ஒரு மூலையில் சேர்த்து வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் கணவர் அவள் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். பல் டாக்டரின் பக்கம் திறந்திருந்தது. தங்கையின் படம் ஏன் அங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அவருக்கு எப்படியோ அது தெரிந்திருந்தது. அவர் கேட்டது வேறு.

"இந்தப் படத்துல சால்வை கிடையாதே?"

அப்போதுதான் பெரியவள் பார்த்தாள். தினமும் பார்க்கிற படம், பார்த்துப் பார்த்துக் கண் வழுக்கிப்போன படம். வெள்ளைச் சட்டைக்கு மேல் காவி நிறத்தில் ஒரு சால்வை கழுத்தைச் சுற்றியிருந்தது. காதில் பென்சில் அப்படியே இருந்தது. பாதிச் சிரிப்பு இருந்தது, கண்ணுக்குக் கீழே மட்டும் கருத்திருந்தது. தன் கம்ப்யூட்டரில் வைத்திருந்த மூலப் படத்தைத் திறந்தாள். அதில் சால்வை இல்லை. டாக்டரின் பக்கத்திலிருந்து படத்தை இறக்கித் திறந்தாள். அதிலும் இல்லை. திரும்பப் பக்கத்தைப் பார்த்தால் சால்வை இருந்தது. மற்றப் பத்தையும் திறந்தாள். பதினொரு பக்கத்திலும் தங்கை சால்வையைப் போர்த்திக்கொண்டு குளிரில் உட்கார்ந்திருந்தாள்.

கணவர் மெதுவாகச் சொன்னார், "அந்த சால்வை நம்ம பீரோவுலதான இருக்கு. அன்னைக்கு ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்தாங்களே."

பெரியவள் எழுந்துபோய் பீரோவைத் திறந்தாள். சால்வை மடித்து வைத்தபடியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள். ஈரமாக இருந்தது, இப்போதுதான் வியர்த்த உடம்பிலிருந்து எடுத்த மாதிரி.

சின்னவள் அலுவலகத்துக்கு வந்த கடைசி நாளைப் பற்றி அவள் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாள். சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றின் வெப்சைட்டை மறுநாள் திறக்கவேண்டியிருந்தது. சின்னவள் காலையிலேயே உடம்பு அனலாகத்தான் வந்தாள், அந்தச் சால்வையைச் சுற்றிக்கொண்டு. மத்தியானத்துக்குமேல் இருமல் நிற்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவள் திரும்பி, "அக்கா, நீ சொன்னா கிளம்பறேன்" என்றாள். பெரியவள் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், "இந்த ஒரு பக்கம் மட்டும்" என்றாள். ஒரு பக்கம் முடிந்ததும் இன்னொரு பக்கம் மட்டும் என்றாள். சாயங்காலம் வீட்டுக்கு அவளைக் கூட்டிப்போகக் கணவர்தான் வந்தார். அவர் எழுப்பி நடத்திக்கொண்டு போனார். பெரியவள் அப்போதும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் கையை மட்டும் ஆட்டினாள். கிடங்கு வசதிகள் பற்றி சின்னவள் எழுதிய அந்தப் பக்கத்தை யாரும் படித்திருக்கமாட்டார்கள். கம்பெனியே ஆறு மாதத்தில் மூடப்பட்டது.

"நான் எழுந்திருன்னு சொல்லவே இல்லீங்க," என்றாள். "அவ இன்னும் உட்காந்துட்டிருக்கா. நான் வேற பதினோரு இடத்துல உட்கார வச்சுட்டேன்."

அவர் சமாதானம் சொல்லத் தெரியாதவர். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு, எல்லாவற்றையும் எடுத்துவிடு என்றார். எடுப்பது ஒரு நொடி வேலை. ஆனால் எடுத்துவிட்டால் இனி மடல் வராது, காலையில் தங்கையைப் பற்றி உலகத்தில் யாரும் ஒரு வார்த்தை எழுதமாட்டார்கள். அதற்கு மேல் இன்னொரு பயமும் இருந்தது. வார்த்தை சொல்லாமல் படத்தை மட்டும் எடுத்தால், அவள் எங்கே போய் உட்காருவாள்?

திங்கட்கிழமை மத்தியானம் பெரியவள் பல் டாக்டரின் கிளினிக்குக்குப் போனாள். வெப்சைட் கட்டியவளே தவிர அந்த இடத்துக்கு அதுவரை அவள் போனதில்லை. நீளவாட்டில் ஓர் அறை. சுவரோரம் ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் ஒரு மீன் தொட்டி, எதிரே வரவேற்பு மேசை. மேசைமேல் தட்டுகிற மணி. மேசைக்குப் பின்னால் சக்கரம் வைத்த நாற்காலி, காலியாக. உள் அறையிலிருந்து துளைக்கும் மெஷினின் சத்தம் வந்துகொண்டிருந்தது. ஜன்னலில் நல்ல வெயில். பயப்படுவதற்கு அந்த அறையில் ஒன்றுமே இல்லை, அதுதான் அவளுக்கு நடுக்கமாக இருந்தது.

பெரியவள் சுவரோரம் உட்கார்ந்து அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊரில் இருப்பவர்கள் எல்லாம் பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் தெரியமாட்டேன் என்கிறாளே என்று ஒரு பக்கம் பொறாமையாகக்கூட இருந்தது. அரை மணி நேரம் ஆனது. யாரும் வரவில்லை. மீன் ஒன்று கண்ணாடியை முட்டிக்கொண்டிருந்தது.

துளைக்கும் சத்தம் நின்றது. கதவு திறந்து, கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி வாயில் பஞ்சோடு வெளியே வந்தாள். ஐம்பது வயது இருக்கும். பெரியவளைப் பார்த்ததும் நின்றாள். ஒரு தடவை காலி நாற்காலியைப் பார்த்தாள், ஒரு தடவை இவள் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்கதான் அக்காவா? முகம் அப்படியே இருக்கே." பஞ்சு வார்த்தைகளைக் குழைத்தது. "நல்ல பொண்ணும்மா. என் கைய விடவே இல்ல. ஆனா உடம்பு நெருப்பா கொதிக்குது. வீட்டுக்குப் போய்ப் படும்மான்னு சொன்னேன். அக்கா இன்னும் சொல்லலன்னு சொல்லுது. இப்படியா ஒரு புள்ளைய வேலை வாங்குவீங்க?"

அவள் கோபமாகவே சொன்னாள். பிறகு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். கதவு தானாக மூடிக்கொண்டது. அறையில் பெரியவள் மட்டும் இருந்தாள். அப்போது மேசையிலிருந்து சத்தம் வந்தது. விரல் மோதிரம் மரத்தில் படுகிற சத்தம், இரண்டு தட்டு.

பெரியவள் எழுந்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போய், அந்தக் காலி நாற்காலிக்குப் பக்கத்தில், எப்போதும் நிற்கிற மாதிரி நின்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வழியெல்லாம் என்னென்னவோ யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் பழைய வார்த்தைதான் வந்தது.

"முடிஞ்சுது, சின்னவளே. நீ எழுந்திரு. நான் உட்காந்துக்கறேன்."

நாற்காலி மெல்லப் பின்னால் நகர்ந்தது, யாரோ எழுந்தால் நகர்கிற அளவுக்கு. சோப்பும் தைலமும் கலந்த ஒரு வாசனை அவளைத் தாண்டிக் கதவுப் பக்கம் போனது. சொன்ன சொல்லுக்கு உட்காரவேண்டுமே, பெரியவள் உட்கார்ந்தாள். இருக்கை சூடாக இருந்தது, காய்ச்சல்காரர் எழுந்துபோன படுக்கை மாதிரி.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, மேசைக்குப் பின்னால் தன் வெப்சைட்காரம்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். என்ன இங்கே என்று கேட்டார். படம் எந்தக் கோணத்தில் எடுத்தால் சரியாக வரும் என்று பார்க்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். புது ஆள் கிடைத்தபாடில்லை, நீங்களே வந்துவிடுங்களேன் என்று டாக்டர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வரும்போதும் தொடையில் அந்தச் சூடு இருந்தது.

அலுவலகத்துக்கு வந்து பதினொரு பக்கத்திலிருந்தும் தங்கையின் படத்தை நீக்கினாள். இந்தத் தடவை டிக் போடவில்லை; ஒவ்வொன்றையும் முதலில் நீக்கிவிட்டுத்தான் தாளில் எழுதினாள். பதினோராவதை நீக்கும்போது கையைப் பிடிக்க ஆள் இல்லை. தானே எண்ணினாள். ஏழில் அழுத்தினாள். வீட்டுக்குப் போய் பீரோவைத் திறந்து சால்வையைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரி, இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, படுத்ததும் தூங்கிப்போனாள்.

மூன்று நாள் மடல் எதுவும் வரவில்லை. நான்காவது நாள் காலையில் ஒன்று வந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் பக்கத்திலிருந்து, ஓர் இளைஞன் எழுதியிருந்தான்.

"இன்று காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வந்தேன். எனக்கு மயக்கம் வரும். அங்கே இருந்த அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு முறைத்தார், முதலில் பயந்துவிட்டேன். ஆனால் கையைக் கொடுத்து எண்ணச் சொன்னார். பத்துக்குப் பதில் ஏழிலேயே முடிந்தது. வலியில் அவர் கையை நகம் பதிய அழுத்திவிட்டேன். மன்னிக்கச் சொல்லுங்கள்."

பெரியவள் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். எடுத்த இடம் காலியாக இல்லை. "எங்கள் குழு"வில் கடைசியாக, தலைமேல் கண்ணாடியோடு அவளே முறைத்துக்கொண்டிருந்தாள். சவப்பெட்டிக் கடைக்காகத் தங்கை எடுத்த பழைய படம். கீழே எழுதியிருந்ததும் தங்கையின் எழுத்துத்தான்: எங்கள் மகிழ்ச்சியான ஊழியர். மற்றப் பத்தையும் திறந்து பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில், சமையலறையில், தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கணவர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். வலது கை திடீரென்று வலித்ததும், பாத்திரத்தைக் கீழே வைத்ததும் ஞாபகம் வந்தது. கையை விரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புறங்கையில் பிறை மாதிரி நாலு நகத்தடம், இன்னும் சிவப்பாக.

கீழே மெஷின் ஓட, மேசை நடுங்கியது. நாற்காலியைப் பற்றிய சட்டத்தைப் போட்டவளே அவள்தான். யாரிடம் போய் முறையிடுவது? ஒருத்தி எழுந்தால் மற்றவள் உட்காரவேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று அவள் அப்போதும் எழுதி வைக்கவில்லை, இப்போதும் யாரும் சொல்லப்போவதில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. பயத்துக்கு அடியில், சின்னவள் இப்போது இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவாள் என்ற நினைப்பும் இருந்தது.

"நீ தூங்குடி," என்றாள், ஜன்னலோர நாற்காலியைப் பார்த்து. பிறகு மடலை அனுமதித்தாள்.